வளைவில் நிற்கும் கை

டாக்டர் நவமணி தன் கணவரின் கையை மறுபடியும் உணர்ந்தது, அவரை அடக்கம் செய்து ஐந்து மாதம் கழித்து, ஒரு காலை வேளையில்.

அன்று அவர் பாளையங்கோட்டையில், தான் வேலை பார்த்த மருத்துவமனையின் மாடியறையில், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நோயாளி படுத்திருந்ததோ வெகு தொலைவில், சங்குமேடு என்கிற கடற்கரை ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில். அந்த ஆளின் மணிக்கட்டு வழியாக ரத்தக்குழாய்க்குள் நுழைந்து இதயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முடி கனமுள்ள கம்பியை தானாகவே ஓட்டத் தெரிந்த ஓர் இயந்திரக் கை பிடித்திருந்தது. அது செய்வதெல்லாம் நவமணியின் மேசையிலிருந்த ஒரு பிடிக்கு வந்து சேரும். பேனா அளவுதான் இருக்கும் அந்தப் பிடி. அங்கே இயந்திரம் கம்பியைத் தள்ளினால் இங்கே பிடி அவர் விரல்களுக்குள் முன்னால் நகரும். அது திருப்பினால் இது திரும்பும். அவர் இறுக்கினால் இயந்திரம் நின்றுவிடும். அவர் தள்ளினால் அது அவர் பின்னால் வரும். அடைப்பைத் தாண்டி, பலூனை ஊதி, குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்கூட்டை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

திரையில் கம்பி இதயத்தின் இடப்பக்கக் குழாயில் ஒரு வளைவுக்கு வந்தது. அங்கே பிடி நின்றது. இடது பக்கமாக அரைச் சுற்று உருண்டது. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனது.

நவமணி மிச்ச வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தார். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அந்த அரைச் சுற்றும் ஒரு மூச்சும் அவர் கணவர் டாக்டர் அருமைநாயகத்தினுடையவை. இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே மருத்துவமனையில், பல நாள் ஒரே நோயாளிக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்த கை அது.

இயந்திரத்துக்கு வேலை பழக்க ஒரு நல்ல கை வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் வந்தபோது மற்ற டாக்டர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். நம் பிழைப்பில் நாமே மண் போடுவதா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். அருமைநாயகம் மட்டும் சரி என்றார். அவர் சரி சொன்ன சில வாரத்தில் ஈரலில் கட்டி இருப்பது தெரிந்தது. அதன் பிறகும் விடவில்லை. அசைவையெல்லாம் பதிந்துகொள்ளும் மெல்லிய கையுறையைப் போட்டுக்கொண்டு, நிற்க முடிகிற வரைக்கும் நின்று வேலை செய்தார்.

"மிச்ச நாளையாவது வீட்டுல இருங்களேன்" என்று நவமணி ஒரு நாள் கோபித்துக்கொண்டார்.

"வீட்டுல இருந்தா நீ சமைக்கறத மூணு வேளையும் சாப்பிடணும்லா" என்றார் அவர்.

பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் அந்தப் பிடி இருந்தது. ஊழியர்கள் இயந்திரத்தைக் 'கை' என்றுதான் சொன்னார்கள். கை இன்றைக்கு நல்லா இருக்கு, கைக்கு எண்ணெய் போடணும் என்றெல்லாம் பேசினார்கள். அவர்களுக்கு அது பெயர். நவமணிக்கு மட்டும் அது வெறும் பெயராக இல்லை.

மேசையில் உட்காரும் முறையை டாக்டர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நவமணி மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். துறைத் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து எதையோ கழற்றி எதையோ மாட்டிவிட்டுப் போனார்கள். என்ன மாற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டதில்லை. அவர்கள் போன மறுநாள் வளைவில் அந்த நிறுத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தது. அது போதும்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் முதலில் அவர் 'என்னங்க' என்று மனசுக்குள் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து, அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொன்னார். மாமரம் காய்த்ததை, தம்பி மகளுக்கு வரன் அமைந்ததை. பிறகு எப்படியோ அது ஜெபமாக மாறியது. வளைவுக்கு வந்ததும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவார். ஆரம்பத்தில் முதல் வரியிலேயே கை நகர்ந்துவிடும். போகப் போகப் பாதி வரை நின்றது. பிறகு ஆமென் சொல்லும் வரைக்கும்கூட நின்றது.

"கைக்கு வயசாக ஆக நிதானம் கூடுது" என்று சங்குமேட்டில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் டெக்னீஷியன் செண்பகராஜிடம் ஒரு முறை சொன்னார்.

"மனுசனுக்குத்தான் டாக்டர் வயசாவும்" என்றார் செண்பகராஜ். அவர் சிரிக்கவில்லை.

மிக்கேலைக் கொண்டுவந்தது பங்குனி மாதத்தில் ஒரு முற்பகல். சங்குமேட்டு மீன்பிடித் துறையில் ஐஸ் கம்பெனியின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது இருக்கும். வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி செலஸ்டின் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். இதயத்தின் பெரிய குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. ஆனால் நேரத்தோடு வந்திருந்தார். இப்படி வந்தவர்களில் பலரைக் கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

இந்த வேலைக்கு மயக்கம் கொடுப்பதில்லை. மணிக்கட்டை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார், பேசலாம்.

"டாக்டரம்மா, எங்க ஐஸ் கம்பெனியே தேவல. இங்க என்ன இந்தக் குளிரு குளிருது" என்று மிக்கேலின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"மெஷினுக்காகக் குளிர வச்சிருக்காங்க. கொஞ்ச நேரந்தான். வலி எப்படி இருக்கு?"

"நெஞ்சு மேல ஆளு ஏறி உக்காந்த மாரி இருக்கு. நீங்க எங்க இருக்கிய?"

"பாளையங்கோட்டையில."

"அப்ப எங்கையப் பிடிச்சிருக்கது யாரு?"

நவமணி பிடியைப் பார்த்தார். "நல்ல டாக்டர் ஒருத்தர். பயப்படாதீங்க" என்றார்.

செண்பகராஜ் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

கம்பி வேகமாக ஏறியது. வளைவுக்கு வந்தது. பிடி நின்றது, அரைச் சுற்று உருண்டது. நவமணி வழக்கம்போல ஜெபத்தைத் தொடங்கினார். ஜெபம் முடிந்தது. கை நகரவில்லை.

"கை நின்னுட்டு, டாக்டர்" என்றார் செண்பகராஜ்.

"தெரியும். இருங்க."

"பிரஷர் எறங்குது. நீங்க தள்ளிருங்க."

"அது எதையோ பாத்துருக்கு, செண்பகராஜ். சும்மா நிக்காது."

அவர் அப்படித்தான் நம்பினார். திரையில் தனக்குத் தெரியாத ஒன்று, ஒரு கிழிசலோ ஒரு கட்டியோ, அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது என்று நம்பினார். அருமைநாயகம் நின்றால் காரணம் இருக்கும். எத்தனையோ தடவை நவமணி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர் ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"குளிருது" என்றார் மிக்கேல். பேச்சுக் குழறியிருந்தது.

"டாக்டர்" என்றார் செண்பகராஜ். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. மிக்கேலின் இதயத் துடிப்பு திரையில் கிறுக்கலாக மாறியிருந்தது. செண்பகராஜ் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நர்ஸ் மின்சாரம் கொடுக்கும் கருவியை இழுத்தார். அப்போதுதான் நவமணி பிடியைத் தள்ளினார்.

கம்பி எதிலும் முட்டாமல் வளைவைத் தாண்டிப் போனது. அங்கே கிழிசலும் இல்லை, கட்டியும் இல்லை. குழாய் வழவழவென்று திறந்துதான் கிடந்தது. அடைப்பு அதற்கு அப்பால், எல்லா அடைப்புகளையும் போல, தன் இடத்தில் இருந்தது. அவர் பலூனை ஊதினார், ஸ்டென்டை வைத்தார். ரத்தம் ஓடத் தொடங்கியது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள இதயம் திரும்பி வரவில்லை.

மருத்துவமனை கூடிப் பேசியது. பெரிய அடைப்பு, இப்படி ஆவது உண்டு என்று முடிவானது. இயந்திரத்தின் மேலும் பழியில்லை, டாக்டர் மேலும் பழியில்லை. நவமணியும் தலையாட்டினார்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துச் செலஸ்டின் பாளையங்கோட்டைக்கு வந்தார். துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கம்பி உள்ள போயி பாதியில நின்னுட்டுன்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாவ. ஏன் நின்னுச்சு, டாக்டரம்மா?"

"சில நேரம் கை நிதானிக்கும்மா. உள்ள ஆபத்து எதுவும் இருந்தா..."

"என்ன ஆபத்து இருந்துச்சு?"

 "அது தெரியல" என்றார்.

"உங்களுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்? அந்த மெஷினுக்குத் தெரியுமா?"

"கேட்டுப் பாக்கலாம்."

"கேட்டுச் சொல்லுங்க. நான் கேஸு கீசு போட வரல. அவிய இருந்தப்ப ஐஸ் கம்பெனியில ஒரு மோட்டர் நின்னுட்டுன்னா, ஏன் நின்னுச்சுன்னு தெரியாம வீட்டுக்கு வர மாட்டாவ. சோறு ஆறிக் கெடக்கும். நான் சத்தம் போடுவேன். இப்ப எனக்கும் அப்படித்தான் இருக்கு. அதான் வந்தேன்."

நவமணி கம்பெனிக்குப் பேசினார். பெங்களூரிலிருந்து நிலோஃபர் என்ற பெண் வந்தாள். ஆம்பூர்க்காரி, முப்பது வயது இருக்கலாம். கையைப் பழக்குகிற வேலையே அவளுடையது. அன்று நோயாளிகள் யாரும் இல்லாத மதிய நேரத்தில் இருவரும் மாடியறையில் உட்கார்ந்து, மிக்கேலுக்கு நடந்ததை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

நிலோஃபர் ஒரே இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டாள். பிறகு, "அது எதையும் பாக்கல, டாக்டர்" என்றாள். "முன்னாடி ஆபத்து இருக்குன்னு அதுக்குத் தோணவே இல்ல. இந்த வளைவு வந்தா நிக்கணும்னு பழகியிருக்கு. அதான் நின்னுச்சு."

"அது அவர் பழக்கம். ஆனா அவர் இவ்வளவு நேரம் நிறுத்த மாட்டார்."

"எவரு?"

"என் வீட்டுக்காரர். அருமைநாயகம். இது அவர் கைதானம்மா?"

நிலோஃபர் திரும்பி அவரைப் பார்த்தாள். "உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லணும்?"

"சார் கையுறை போட்டுப் பழக்கினது பழைய கைக்கு. ரெண்டாவது வருஷமே கையையே மாத்திட்டோம். விரல் வேற, கம்பி வேற. சாரோட பதிவு இதுக்குப் பொருந்தல. எடுத்துட்டோம். அதுக்கப்புறம் மேசையில உக்கார்றவங்க பிடிய எப்படிப் பிடிக்கிறாங்களோ, அதைப் பாத்துத்தான் இது கத்துக்குது." அவள் மேசையைக் காட்டினாள். "இங்க பெரும்பாலும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க. நாலு வருஷமா இது உங்க கை, டாக்டர்."

நவமணி மேசையிலிருந்த பிடியைப் பார்த்தார். "நான் நிறுத்தலையே. அது நிக்கும், நான் சும்மா பிடிச்சிட்டிருப்பேன்."

"உங்க விரல் அழுத்தம் எல்லாம் இதுல இருக்கு. காட்டட்டுமா?"

காட்டினாள். வளைவு வரும்போதெல்லாம் நவமணியின் விரல்கள் பிடியை இடது பக்கமாக லேசாகத் திருப்பி இறுக்கியிருந்தன. வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, அவருக்கே தெரியாத அளவுக்கு. தூங்குகிற குழந்தை துணியைப் பிடித்திருப்பது போன்ற இறுக்கம். கை நகரப் பார்த்திருக்கிறது, விரல் விடவில்லை. நகரக்கூடாது போலிருக்கிறது என்று கை தெரிந்துகொண்டது. அடுத்த முறை அதுவே கொஞ்சம் கூடுதலாக நின்றது. அது நின்றதால் அவர் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தார். இப்படியே ஒருவரைப் பார்த்து ஒருவர், ஒரு மூச்சு ஒரு ஜெபமாக வளர்ந்திருக்கிறது.

"மிக்கேலுக்கும் இப்படித்தானா?"

நிலோஃபர் அன்றைய பதிவைத் திறந்தாள்.

"சொல்லும்மா."

"அது ரெண்டு தடவை நகரப் பாத்துச்சு, டாக்டர். நீங்க விடல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். நவமணி தன் வலது கையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டார். நிலோஃபருக்கு அது புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மத்த ஊர்லயும் இதே கைதான?" என்று கேட்டார்.

"ஆமா. இங்க பழகறது எல்லா ஊருக்கும் போகும். பன்னெண்டு ஆஸ்பத்திரி."

"அங்கயும் நிக்குதா?"

"நிக்குது. சில டாக்டருங்க தள்ளிட்டுப் போயிடறாங்க. சிலர் காத்திருக்காங்க. கை நின்னா காரணம் இருக்கும்னு நினைக்கிறாங்க."

"அப்படிக் காத்திருந்ததுல யாரும்..."

"பாக்கணும், டாக்டர். இதுவரைக்கும் யாரும் பாக்கல. பாத்தாலும் இதனாலதான்னு சொல்ல முடியுமான்னு தெரியல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சட்டப்படி கடைசி முடிவு மேசையில இருக்கற டாக்டரோடது. டாக்டரைக் கேட்டா கை நின்னுச்சும்பாங்க. எங்களைக் கேட்டா கை டாக்டர்கிட்டக் கத்துக்கிச்சும்போம். சுத்திச் சுத்தி வந்தா கடைசியில யாருமே இருக்க மாட்டாங்க."

"நான் இருக்கேன்லா" என்றார் நவமணி.

துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள், யாரும் கேட்கவில்லையே என்றார். செலஸ்டின் கேட்டிருக்காங்க என்றார் நவமணி. அவங்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்துங்க என்றார் தலைவர். அந்த ஏதாவது என்னவென்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகாமல், நவமணி சங்குமேட்டுக்குப் பஸ் ஏறினார். செலஸ்டினின் வீடு துறைக்குப் போகும் தெருவில் இருந்தது. முன்னறையில் மிக்கேலின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நவமணி படத்தைப் பார்த்தார். அதுவரைக்கும் அந்த ஆளின் முகத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை. இதயத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னார். உள்ளே ஆபத்து எதுவும் இல்லை. கை தானாக நிற்கவில்லை. என் கணவர் அந்த வளைவில் ஒரு மூச்சு நிறுத்துவார். அவர் இன்னும் அந்த இயந்திரத்தில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த இடம் வரும்போதெல்லாம் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவேளை.

 செலஸ்டின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்குப் புரிந்ததைச் சரிபார்த்துக்கொள்கிறவர் போல மெல்லச் சொன்னார்.

"அப்ப உங்க வீட்டுக்காரருக்காவ எங்க வீட்டுக்காரர் காத்துக் கெடந்துருக்காவ."

"ஆமா" என்றார் நவமணி.

"குளிருல."

"ஆமா."

செலஸ்டின் எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. அழுகைச் சத்தமும் வரவில்லை. நவமணி எழுந்து போய்விடலாமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது செலஸ்டின் முகத்தைக் கழுவியிருந்தார்.

"நீங்க பொறப்படுங்க, டாக்டரம்மா. வெயில் ஏறதுக்குள்ள போனா பஸ்ஸுல எடம் கெடைக்கும்" என்றார். வாசல் வரைக்கும் வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நவமணியும் கேட்கவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தக் கைய இனி யாருக்கும் வைக்காதீங்க."

நவமணி அதைச் செய்தார். மருத்துவமனை எதிர்த்தது, கம்பெனி முனகியது. நிலோஃபர் மட்டும் கூட நின்றாள். பன்னிரண்டு ஊர்களிலும் நின்ற நேரங்களையெல்லாம் அவள் எடுத்து அடுக்கிக் காட்டிய பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. கை பழகிய எல்லாவற்றையும் அழித்தார்கள். வேறு மாநிலங்களில், நவமணியைக் கேள்விப்பட்டே இராத பல டாக்டர்களின் கைகளைச் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் பழக்கினார்கள். அதை எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள்.

புதுக் கையோடு முதல் நாள் நவமணிதான் உட்கார்ந்தார். அவரே கேட்டு உட்கார்ந்தார். வளைவு வந்தது. பிடி நிற்கவில்லை. அரைச் சுற்றும் இல்லை. வேறு யாருடைய நடையிலோ, ஒரு சாதாரண வேலையைச் செய்வதுபோல, தாண்டிப் போய்விட்டது. ஜெபத்தின் முதல் சொல்லைக்கூட அவரால் தொடங்க முடியவில்லை. அன்று அவர் அழவில்லை. வீட்டுக்குப் போய், அருமைநாயகத்தின் சட்டைகளை எல்லாம் எடுத்து மடித்து, திருச்சபை அனாதை விடுதிக்கு என்று கட்டி வைத்தார். ஒருவருக்கு இரண்டு தடவை அடக்க ஆராதனை நடத்த முடியாது. நடத்த முடியுமானால் அது அன்றுதான் நடந்தது.

அதன் பிறகு மேசையில் உட்காருவதை விட்டுவிட்டார். வெளி நோயாளிகளைப் பார்த்தார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மழைக்காலம் வந்தது.

அப்போதுதான் நிலோஃபர் போனில் கூப்பிட்டாள். முதலில் சௌக்கியம் விசாரித்தாள். பிறகு மழையைப் பற்றிக் கேட்டாள்.

"என்னம்மா?" என்றார் நவமணி.

"புதுக் கை, டாக்டர். நிக்குது."

"எங்க நிக்குது?"

"அதே வளைவுல. அதே அரைச் சுற்று. பழசுல இருந்து ஒரு துளிகூட இதுல இல்ல. நானே உக்காந்து அழிச்சேன். மூணு தடவை சரிபாத்தேன்."

"நான் மேசையிலயே உக்கார்றதில்லையே."

"தெரியும். புதுக் கையை அந்தந்த ஊர்லயே தனித்தனியா பழக விட்டிருக்கோம். உங்க ஊர்ல நிக்கல. மத்த ஊர்கள்ல நிக்குது." அவள் குரல் சோர்ந்திருந்தது. "அந்த டாக்டருங்க எல்லாரும் நாலு வருஷம் பழைய கை மேல விரலை வச்சு உக்காந்தவங்க. அது நின்னா அவங்களும் நிப்பாங்க. இப்ப கை நிக்கலைன்னாலும் அவங்க விரல் நிக்குது. அவங்களுக்கே தெரியல. அவங்களைப் பாத்து இது கத்துக்குது."

நவமணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அருமைநாயகத்தை ஒரு நாள்கூடப் பார்த்திராத பதினொரு ஊர்க்காரர்களின் விரல்களில் அவர் இருந்தார். இயந்திரத்திலிருந்து அழித்துவிடலாம். இதை எதை வைத்து அழிப்பது?

"நான் போறேன்" என்றார்.

"எங்க?"

"ஒவ்வொரு ஊருக்கும்."

முதலில் போனது மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே மேசையில் உட்காருகிறவர் டாக்டர் குமரகுருபரன். நவமணியின் வயதுக்காரர், தலை முழுக்க நரைத்தவர், வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். தன் விரல் நிற்கிறது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாமல், "நீங்களே பாருங்க" என்று நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

நோயாளி பக்கத்து அறையில்தான் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்மணி. கண்ணாடி வழியாக அவர் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. நவமணி, குமரகுருபரனின் அனுமதியைக் கேட்டு, பிடியின் மேலிருந்த அவர் கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

கம்பி ஏறியது. வளைவுக்கு வந்தது. பிடி நின்றது. இடது பக்கமாக அரைச் சுற்று உருண்டது.

உள்ளங்கையின் அடியில் நவமணிக்கு அது தெரிந்தது. முதல் நாள் தெரிந்த அதே மாதிரி தெரிந்தது. தெரியாத ஒரு மனிதரின் சூடான கைக்குள்ளிருந்து, அதே அவசரமில்லாத அரைச் சுற்று.  அந்த ஒரு மூச்சு போய், அடுத்த மூச்சும் போகத் தொடங்கியது.

"டாக்டர், ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

குமரகுருபரன் தன் கையை அப்போதுதான் பார்ப்பவர் போலக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தெரியலீங்க" என்றார் தாழ்ந்த குரலில். "இந்த எடத்துக்கு வந்தா, யாரோ இருக்கற மாதிரி இருக்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணியின் கால் விரல்கள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"யாருமில்ல" என்றார் நவமணி. "போங்க."

அவர் கையோடு சேர்த்துப் பிடியைத் தள்ளினார்.